அது ளகரம் அன்று!

ஔவையாரின் பெயரிலுள்ள முதலெழுத்தை ஒகரம், ளகரம் என்று இரண்டு எழுத்துகளாகத் தட்டிவிட்டு, "திரையில் சரியாகத்தானே தெரிகிறது?" என்று கேட்பவர்களிடம் பேசிப் பேசி எனக்குப் பொறுமை போய்விட்டது. கௌ, மௌ, சௌ ஆகியவற்றின் வலப்பக்கத்தில் நிற்கும் கொம்புக்கால் ளகரம் அன்று. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) அதற்கு 3031 என்ற தனி எண் உண்டு. ளகரத்தின் எண் 2995. முன்னது தனித்து நிற்க இயலாத சார்புக்குறி, பின்னது முழு எழுத்து. பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத் தந்திருப்பதால் நம் கண் ஏமாறுகிறது. எண்ணை மட்டுமே பார்க்கும் கணினி ஏமாறுவதில்லை.

விளைவு என்ன? 'கெளரி' என்று பிழையாக ஏற்றிய பெயரை 'கௌரி' என்று தேடினால் அகப்படாது. என் உறவினர் ஒருவரை, பட்டியலில் பெயரே இல்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பெயர் அந்தப் பட்டியலிலேயேதான் இருந்தது. அகரவரிசையில் ஓகாரத்துக்குப் பின் வரவேண்டிய ஔடதம், ஒகரச் சொற்களுக்கிடையே போய் ஒளிந்துகொள்கிறது. யாப்புகூடத் தப்பவில்லை: 'மௌனம்' தேமா, 'மெளனம்' என்று தட்டினால் புளிமா!

பிறகு மென்பொருளால் திருத்திக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் தனித்தனியே உள்ளிட்டாலும் ஒருங்குறியின் இயல்பாக்க விதி அவற்றை ஒன்றாக்கிவிடும். கொம்புக்குப் பின் 3031 வந்தாலும் அப்படியே. ஆனால் ளகரம் தன்னளவில் முறையான எழுத்து என்பதால் 'கெள'வை எந்த இயல்பாக்கமும் தொடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினாலோ 'ஒளி'யும் 'தெளிவு'ம் சிதையும். ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடு என்று நிபந்தனை சேர்த்தாலும், கதை உரையாடலில் வரும் 'வெளக்கமாறு' மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு சொல்லாக மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதுவும் நூற்றுக்கணக்கான பக்கங்களில்!

தட்டச்சுப்பொறிக் காலத்துப் பழக்கத்தை இன்னும் எத்தனை காலம் சுமப்பது? தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தை அடுத்து ஔகார விசையை ஒருமுறை அழுத்தினால் 'கௌ' வந்துவிடுகிறது, 'கெள'வுக்கு வேண்டியதைவிடக் குறைந்த உழைப்பில். எழுத்துரு வடிவமைப்பாளர்கள் கொம்புக்காலை ளகரத்தைவிடத் தெளிவாகச் சிறிதாக்க வேண்டும். பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் அலுவலகங்கள், சொல்லின் முதலில் 'ஒள' என்று உள்ளிட்ட உடனேயே எச்சரிக்கை காட்டும் மென்பொருளைக் கேட்டு வாங்க வேண்டும்.