ஹீட்டரையும் தண்ணியையும் ஒரே மாடல்ல ஓட்டலாம்
மேல தண்ணி ஹீட்டர் சிமுலேஷன் பத்தி "எலக்ட்ரிக்கல் சைடையும் தண்ணி சைடையும் ஒரே சிமுலேஷன்ல சேர்க்கவே முடியாது, தனித்தனியா ஓட்டி டேபிளா மாத்திக்கணும்"னு சொல்லியிருக்கீங்களே, அது தப்புங்க. வயரை நேரா பைப்ல மாட்ட முடியாதுங்கறது சரிதான், ஆனா நடுவுல ஹீட் போர்ட்னு ஒண்ணு இருக்கு, அதாவது ஒரு பாகத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு சூட்ட கடத்தற இணைப்பு. மாடெலிகால (இந்த மாதிரி சிஸ்டங்கள மாடல் பண்ற மொழி) ஹீட்டிங் ரெசிஸ்டர் எடுத்து அதோட ஹீட் போர்ட்ட காயிலோட தெர்மல் மாஸுக்கு (சூட்ட தேக்கி வைக்கற பாகம்) குடுத்து, அங்கேர்ந்து பைப் சுவருக்கு குடுங்க, முடிஞ்சுது. 230 வோல்ட், 26.5 ஓம்னா கிட்டத்தட்ட 2 கிலோவாட், நிமிஷத்துக்கு 2 லிட்டர் தண்ணி ஓடினா 14 டிகிரி ஏறணும், இத முதல்ல செக் பண்ணுங்க. 50 ஹெர்ட்ஸ் ஏசி அலைய அப்படியே வச்சா சிமுலேஷன் ஆமை மாதிரிதான் ஓடும், அதுக்கு ஆர்எம்எஸ் மதிப்புல (அதே அளவு சூட்ட தர்ற சமமான வோல்டேஜ்) டிசி போட்டா போதும், நானும் இத புரிஞ்சுக்காம ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டு உக்காந்திருக்கேன் 😅 அப்புறம் ஃப்ளோ பாதில நின்னா காயில் சூடு எகிறும் பாருங்க, அது உங்க டேபிள்ல வராது.