பிரேக் தேய்ந்தால் குற்றவாளி என் கால்தானா?

"உங்கள் ஓட்டும் முறைதான் காரணம், சார்." இந்த வாக்கியத்தை ஒரே சர்வீஸ் சென்டரில் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வண்டி லிஃப்ட்டின் மேல் நிற்கிறது, இடது பின் சக்கரம் கழற்றப்பட்டுக் கீழே கிடக்கிறது, அந்தச் சக்கரத்தின் உள்பக்க பிரேக் பேடு (வண்டியை நிறுத்த டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) இரும்புத் தகடு வரை தேய்ந்து, சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கில் கோடு போட்டிருக்கிறது, அதே சக்கரத்தின் வெளிப்பக்க பேடிலோ இன்னும் 5 மில்லிமீட்டர் மீதம் இருக்கிறது. இவ்வளவையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, என் கால் சரியில்லை என்று ஒருவர் முகம் மாறாமல் சொல்கிறார். என் கால் மிதிப்பது ஒரே ஒரு பெடலைத்தான். இடது பின் சக்கரத்தின் உள்பக்கத்தை மட்டும் தேடிப் பிடித்துத் தேய்க்கும் வித்தையை என் காலுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் அமரும் பெரிய எஸ்யூவி. காலி எடையே 2,400 கிலோ. 22,000 கிலோமீட்டரில் பின் பேடுகள் முடிந்தன. 31,000 கிலோமீட்டரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியதால் முன் டிஸ்க்குகளை மாற்றினார்கள். இப்போது 38,000, மறுபடியும் பின் பேடு. இதற்கு முன் நான் வைத்திருந்த சிறிய காரில் கம்பெனியிலிருந்து வந்த முன் பேடுகள் 60,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடின. அந்தக் காரை ஓட்டியதும் இதே கால்தான். போய் வந்ததும் பெரும்பாலும் இதே சாலைகள்தான்.

மாறியது எடை. ஓடும் வண்டியை நிறுத்துவது என்றால் அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவது என்று பொருள். அந்த ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆட்களோடு 1,200 கிலோ வரும் சிறிய காரை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறத்தாழ 460 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. ஏழு பேரும் பெட்டிகளுமாக 3,000 கிலோ வரும் என் வண்டியை அதே வேகத்திலிருந்து நிறுத்தும்போது அது 1,150 கிலோஜூலைத் தாண்டிவிடுகிறது. மலைச் சரிவில் கணக்கு இன்னும் மோசம்: காற்றின் எதிர்ப்பையும் எஞ்சினின் பிடிப்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உயரத்தில் 500 மீட்டர் இறங்குவது என்பது 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 12 முறைக்கு மேல் அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். புதிய பேடின் உராய்வுப் பொருள் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றச் சொல்வார்கள். ஆக, இத்தனை வெப்பத்தையும் தாங்கி நாம் உண்மையில் செலவழிக்கக்கூடியது 8 மில்லிமீட்டர் சொச்சம்.

எடை கூடினால் பிரேக்கும் அதற்கேற்பக் கூட வேண்டாமா? ஷோரூமில் திரையின் அகலத்தைச் சொன்னார்கள், கூரையின் கண்ணாடியைத் திறந்து காட்டினார்கள், சக்கரம் எத்தனை அங்குலம் என்று பெருமையோடு சொன்னார்கள். டிஸ்க்கின் விட்டத்தை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் தெரிந்தது, என் வண்டியின் அடிப்படை மாடலுக்கும் நான் வாங்கிய உயர்ந்த மாடலுக்கும் பிரேக் ஒன்றேதான். சக்கரமும் அலங்காரமும் எடையும் மட்டுமே வேறு. பெரிய அலாய் சக்கரம் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கலாம். ஆனால் கனமான சக்கரத்தின் சுழற்சியை நிறுத்துவதும் பிரேக்கின் வேலைதான் என்பதையும், டயரின் வெளிவட்டம் பெரிதானால் அதே பிரேக் தரையில் தரும் பிடிப்பு குறையும் என்பதையும் அந்த விளம்பரப் பலகைகள் சொல்வதில்லை.

இனி என் கோபத்தின் மையத்துக்கு வருகிறேன். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன் சக்கரங்களே 60 முதல் 70 சதவீத வேலையைச் செய்கின்றன. ஆகவே முன் பேடுகள்தான் முதலில் தேய வேண்டும் என்பது பழைய கணக்கு. இன்றைய பெரிய வண்டிகள் பலவற்றில் பின் பேடு முதலில் தேய்கிறது. மெல்லப் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மூக்கு குனியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் மின்னணுப் பங்கீடு பின் பிரேக்குக்குத் தாராளமாக வேலை கொடுக்கிறது. வளைவில் வண்டி நிலை தவறாமல் இருக்கவும், ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலாமல் இருக்கவும், தனித்தனிச் சக்கரங்களைக் கணினியே பிடித்துவிடுகிறது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோலும், சரிவில் தானே மெதுவாக இறக்கும் வசதியும் என் கால் பெடலில் படாமலேயே பேடைச் செலவழிக்கின்றன. இவை உயிர் காக்கும் வசதிகள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. (நின்ற வண்டியைத் தானே பிரேக்கில் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டைக் கூட இந்த விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன், சுழலாத டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பதால் பேடு தேயாது.) ஆனால் பிரேக்கை எப்போது, எந்தச் சக்கரத்தில், எவ்வளவு பிடிப்பது என்பதைப் பாதி நேரம் உங்கள் கணினி முடிவு செய்யும்போது, தேய்மானத்தின் பழியை மட்டும் முழுதாக என் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

உள்பக்க பேடின் விவகாரம் இதைவிடக் கேவலமானது, ஏனென்றால் அது வடிவமைப்பின் குறை கூட இல்லை, வெறும் சோம்பேறித்தனம். பெரும்பாலான வண்டிகளைப் போலவே என் வண்டியின் பின் சக்கரக் கேலிபரிலும் (பேடுகளை டிஸ்க்கோடு இறுக்கும் கவ்வி) பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது உள்பக்க பேடைத் தள்ளியதும், கேலிபரின் உடல் 'பின்' (pin) எனப்படும் இரண்டு உலோகக் குச்சிகளின் மேல் நகர்ந்து வந்து வெளிப்பக்க பேடையும் டிஸ்க்கோடு சேர்த்து இறுக்க வேண்டும். அந்தப் பின்களில் கிரீஸ் வற்றி, தண்ணீரும் மண்ணும் புகுந்து இறுகிவிட்டால் கேலிபர் நகராது. உள்பக்க பேடு மட்டும் முழுச் சுமையையும் சுமந்து, காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே போகும். பின்களைக் கழற்றித் துடைத்து, ரப்பர் உறை கெடாத வகையைச் சேர்ந்த கிரீஸைப் பூசி மாட்டுவது கை பழகிய மெக்கானிக்குச் சில நிமிட வேலை. என்னிடம் இருக்கும் மூன்று ஜாப் கார்டுகளிலும் (செய்த வேலையை எழுதித் தரும் சீட்டு) "பிரேக் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அன்று லிஃப்ட்டின் கீழே நின்று நான் பார்த்தபோது, அந்த ரப்பர் உறைகளின் மேல் படிந்திருந்த மண்ணில் ஒரு விரல் தடம் கூட இல்லை. எதைச் சுத்தம் செய்தார்கள்? என் பையையா?

ஸ்டியரிங் நடுக்கத்துக்குச் சொன்ன காரணமும் இதே ரகம்தான். "சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டு டிஸ்க் வளைந்துவிட்டது, சார்" என்றார்கள். இப்படி நடுங்கும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை உண்மையில் வளைந்திருப்பதில்லை. சுற்றுவட்டத்தில் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். 0.02 மில்லிமீட்டர் அளவு வேறுபாடே பெடலில் துடிப்பை உண்டாக்கப் போதுமானது. சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்குவதும், டிஸ்க் உட்காரும் இடத்தில் துருவைத் துடைக்காமல் மாட்டுவதும் இந்தக் கோளாறுக்கு வழி வகுக்கும். தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்து காட்டுங்கள் என்றேன். அப்படி ஒரு கருவி அங்கே இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதே, அதை வைத்தாவது மாற்ற வேண்டுமா, லேத்தில் கடைந்து சமப்படுத்தினால் போதுமா என்று சொல்லலாமே என்று கேட்டதற்கு, "கம்பெனி மாற்றத்தான் சொல்கிறது" என்ற பதில்தான் கிடைத்தது.

என் பங்குக் குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. முதல் ஓராண்டு, எட்டு கியர் ஆட்டோமேட்டிக் தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பில், சரிவுகளில் கூட கியரை டி-யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்கினேன். எரிபொருளை மிச்சம் பிடிக்க அந்த கியர் பெட்டி உயர்ந்த கியருக்கே தாவும். எஞ்சின் பிடிப்பு என்பது பெயருக்குத்தான் இருக்கும். இப்போது மேனுவலில் கீழ் கியருக்கு மாற்றியே இறங்குகிறேன். அதன் பலன் முன் பேடுகளில் தெரிகிறது. அவை பழைய வேகத்தில் தேயவில்லை. பின் பேடுகளின் ஆயுளோ, என் ஓட்டும் முறை திருந்திய பிறகு, 22,000 கிலோமீட்டரிலிருந்து 16,000 ஆகக் குறைந்திருக்கிறது! என் கால்தான் காரணம் என்றால், கால் திருந்தியதும் பேடு ஏன் சீக்கிரம் சாக வேண்டும்?

பேடு தேயும் பொருள், ஆகவே வாரண்டி கிடையாது என்கிறார்கள். தேயும் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் கேலிபரின் அந்தப் பின் (pin) தேயும் பொருளா? செய்யாத சுத்தம் தேயும் பொருளா? இது பணத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பேன். உரசிக்கொண்டே இருக்கும் பேடு டிஸ்க்கைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரிதான் அந்த வரம்பு. அந்த ஆயில் நீண்ட சரிவில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், 3,000 கிலோ எடையோடும் ஏழு உயிர்களோடும் பெடல் தரை வரை இறங்கும். அப்போதும் என் கால்தான் காரணம் என்று எழுதுவார்களோ என்னவோ.

அன்று ஜாப் கார்டில், என் காலைக் குறை சொன்ன அந்த சர்வீஸ் சென்டர்காரர் தேய்மானத்துக்குக் காரணம் "வாடிக்கையாளர் ஓட்டும் முறை" என்று எழுதிக் கையெழுத்துக்காக நீட்டினார். நான் அவருடைய பேனாவையே வாங்கி, அதன் கீழே "இடது பின் சக்கரம்: உள்பக்க பேடு 0 மில்லிமீட்டர், வெளிப்பக்க பேடு 5 மில்லிமீட்டர், கேலிபர் பின் (pin) இறுகியுள்ளது, கையால் அசைத்துப் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலாளரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர், நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. பழைய பேடுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான்கும் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன.