நண்பகல் ரயிலும் ஒரு புது மாப்பிள்ளையும்

(மாமனாரும் மருமகனும் ‘ஹை நூன்’ என்ற அமெரிக்கப் படத்தை இப்போதுதான் பார்த்து முடித்திருக்கிறார்கள்.)

மாமனார்: மாப்பிள்ளை, துப்பாக்கிப் படம் என்று சொல்லித்தானே உட்கார வைத்தீர்கள்? ஊர்க் காவல் அதிகாரியான அந்த மார்ஷல் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் கேட்டதுதான் மிச்சம். சண்டையைக் கடைசியில் அல்லவா கண்ணில் காட்டினார்கள்!

மருமகன்: 1952-இல் இயக்குநர் ஃபிரெட் ஸின்னமான் காட்டிய துணிச்சலே அதுதான், மாமா. சிறையிலிருந்து விடுதலையான ஃபிராங்க் மில்லர் மார்ஷலைப் பழிதீர்க்க நண்பகல் ரயிலில் வருகிறான் என்ற செய்தி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆளோ கடைசியில்தான் இறங்குகிறான். படம் ஓடும் 85 நிமிடமும் கதையில் கழியும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அதுவரை சுவர்க் கடிகாரமே நம்மை மிரட்டுகிறது.

மாமனார்: கடிகாரம் கிடக்கட்டும். மார்ஷலுக்குக் காலையில் கல்யாணம், நண்பகலில் துப்பாக்கிச் சண்டை என்றால், பெண்ணைப் பெற்றவர்கள் எதை நம்பிக் கொடுப்பார்கள்? அதுவும் நடித்தபோது மார்ஷலாக வரும் கேரி கூப்பருக்கு வயது 50, மணப்பெண்ணாக வரும் கிரேஸ் கெல்லிக்கு 21 என்கிறீர்கள். நாள் குறிக்கும் முன்பே நாலு பேரிடம் விசாரித்திருக்க வேண்டாமா?

மருமகன்: அவர் பதவியை விட்டுவிட்டு மனைவியோடு வண்டியேறியவர்தான், ஓடினால் மில்லரும் அவன் கூட்டாளிகள் மூவரும் துரத்திக்கொண்டே வருவார்கள் என்று பாதி வழியில் திரும்பிவிட்டார். அவளோ சண்டையே கூடாது என்னும் குவேக்கர் சபைப் பெண். அதே ரயிலில் தான் போய்விடப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

மாமனார்: என் மகளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மருமகன்: மாதத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், மாமா.

மாமனார்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) நாம் படத்தைப் பேசுவோம். மில்லருக்குத் தண்டனை கொடுத்த நீதிபதியே கொடியை மடித்து, தராசைப் பையில் போட்டுக்கொண்டு குதிரையேறிவிட்டார். சட்டம் படித்தவரே கிளம்பிய பிறகு ஊர்க்காரரைக் குறை சொல்வது நியாயமா? வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, தான் இல்லை என்று மனைவியை விட்டுச் சொல்லச் சொன்ன அந்த நண்பர்கூட எனக்குப் பிடித்துப்போனார்.

மருமகன்: எனக்குப் பிடித்தவர் தேவாலயத்தில் பேசும் ஹெண்டர்சன்தான். இவரைப் போல் ஒரு மார்ஷல் இந்த ஊருக்கு வாய்த்ததில்லை என்று மனமுருகப் புகழ்ந்து, அதே மூச்சில் ‘ஊரைவிட்டுப் போய்விடுங்கள்’ என்கிறாரே, மேடையில் பொன்னாடை போர்த்தி வாசல்வரை வழியனுப்புவது போல! அந்த ஊரில் எல்லாருடைய காரணமும் கேட்கக் கேட்க நியாயமாகவே படுகிறது. எனக்கு மில்லரைவிட அதுதான் பயமாக இருந்தது. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மனையே, கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு அந்த நாளில் விசாரணைக்கு அழைத்தது. உடனிருந்தவர்கள் ஒதுங்கும் விதம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மாமனார்: நாவிதர் கடைக் காட்சியில் மட்டும் எனக்கே வியர்த்துவிட்டது. பின்கட்டில் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிறார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மரியாதைக்காகச் சத்தம் நின்றுபோகிறது. முகம் கழுவி எழுந்தவர், இனி வேலையைத் தொடரச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டல்லவா போகிறார்! இருந்தாலும், மார்ஷல் இப்படி ஊரெல்லாம் கையேந்தலாமா?

மருமகன்: நடிகர் ஜான் வேனுக்கும் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் இதே கோபம்தான். அதற்குப் பதிலடியாகவே 1959-இல் ‘ரியோ பிராவோ’ எடுத்தார்கள். அதில் வரும் ஷெரிஃப், அவரும் காவல் அதிகாரிதான், யாரிடமும் போய்க் கெஞ்ச மாட்டார்.

மாமனார்: அப்படிச் சொல்லுங்கள்! அவருக்குத் துணை நின்றவர்கள் யார்?

மருமகன்: ஒரு குடிகாரர், கால் விளங்காத ஒரு கிழவர், ஓர் இளைஞன்.

மாமனார்: ஏன் மாப்பிள்ளை, இந்த மார்ஷலிடமும் ஒற்றைக்கண் குடிகாரர் ஒருவர் தானாகவே வந்தாரே? 14 வயதுப் பையனும் வந்து நின்றானே? ஒருவருக்குக் குடிக்கக் காசு கொடுத்தும், மற்றவனை வீட்டுக்குப் போகச் சொல்லியும் இவர்தானே அனுப்பிவைத்தார்? வந்த ஆளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, ஆள் இல்லை ஆள் இல்லை என்று புலம்பினால் ஊர் என்ன செய்யும்!