தலைவலி இல்லாட்டி பிபி இல்லையா?

"தலைவலி, கிறுகிறுப்பு இல்லைன்னா பிபி இல்லை, டாக்டர்கிட்ட ஒருதடவை நார்மல்னு வந்தா கவலையே வேண்டாம்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். ரெண்டுமே தப்புங்க.

பிபி ஏறினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அறிகுறியே இருக்காது. கிளினிக்ல 140/90க்குக் கீழே இருந்தும், வீட்டுல அளந்த சராசரி 135/85ஐத் தொட்டா அதுதான் மறைஞ்சிருக்கிற ரத்தக்கொதிப்பு. குடியாத்தத்துல தறி ஓட்டுற எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான். டாக்டர்கிட்ட எப்பவும் 128/80. "எனக்கு ஒண்ணும் இல்லடா"ன்னு ஊறுகாயை வழிச்சு வழிச்சுச் சாப்பிடுவார். கையில பட்டை கட்டி 24 மணி நேரம் அளந்தப்பதான், தூக்கத்துலயும் இறங்காம நின்னது தெரிஞ்சுது. அதுக்குள்ள சிறுநீர்ல ஆல்புமின்ங்கிற புரதம் கசிய ஆரம்பிச்சிருந்தது, கிட்னி அடிபடுறதுக்கு அது அடையாளம். எக்கோங்கிற ஸ்கேன்ல இதயத்தோட இடது கீழறைச் சுவர் தடிச்சிருந்தது. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பார்க்கிற கிரியாட்டினின் மட்டும் நார்மல். ஏமாத்துற இடமே அதான்: கிட்னி கணிசமா பழுதான பிறகுதான் அது ஏறும்.

வேலூர் வெயில்ல நடந்து வந்த கையோட அளக்காதீங்க. அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்துல வச்சு, காலையும் ராத்திரியும் ரெண்டு ரெண்டு தடவை, ஒரு வாரம். முதல் நாள் கணக்கை விட்டுட்டு சராசரி எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.