போன மாசம் மிஸ்ஸுக்குச் சம்பளம் வந்துச்சா?

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பிள்ளை படிக்கிற பள்ளி பணமுடையில் இருக்கிறது, அங்கேயே விடலாமா, டி.சி. வாங்கிவிடலாமா என்று. எங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஒரு வருடம் ஓடியது தெரிந்துதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். மகள் எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரே மெட்ரிக் பள்ளியில் படித்தாள். தாளாளர் காலையில் கேட்டில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யாரைப் பார்த்தாலும் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த பிள்ளை, இரண்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் தனியாக நின்று பாரதியார் பாட்டுப் பாடியது அந்தப் பள்ளி மேடையில்தான். அதனால் இதைக் கோபத்தில் எழுதவில்லை. அந்தப் பள்ளி நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

2025 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த வாரம், பெற்றோர் கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. போனோம். பள்ளிக்கு நெருக்கடி, எல்லாரும் கைகொடுக்க வேண்டும் என்றார் தாளாளர். இரண்டு வழி வைத்தார். ஒன்று, அடுத்த வருடக் கட்டணம் மொத்தத்தையும் பிப்ரவரிக்குள் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி. இன்னொன்று, குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வட்டியில்லா டெபாசிட். பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது திருப்பித் தருவார்கள். பேசும்போது அவர் குரல் கம்மியது. பலருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 2019-இல் 410 பிள்ளைகள் இருந்த பள்ளியில் அப்போது 240 பேர். அதில் 30 பேர் ஆர்.டி.இ.யில், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி இலவசமாகச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கான பணம் அரசிடமிருந்து வர வேண்டும். மீதி 210 பேருக்குச் சராசரியாக 18,000 என்றால் 37,80,000. எல்லாரும் முழுதாகக் கட்டுவதில்லை, 85 சதவீதம் வசூலானால் 32 லட்சம். ஆசிரியர்கள் 19 பேர், சராசரி சம்பளம் 11,000. அதற்கே வருடம் 25 லட்சம். கட்டடக் கடனுக்கு மாதம் 85,000 தவணை என்று கூட்டத்தில் அவரே சொன்னார், அது 10 லட்சத்துக்கு மேல். கரண்ட் பில், ஆயா சம்பளம், சுண்ணாம்பு அடிப்பது எதையும் சேர்க்காமலே கணக்கு இடித்தது. எங்களிடம் கேட்ட பணத்தால் அந்த ஓட்டை அடையாது. ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இதற்கு அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கொரோனா வருடங்களில் விழுந்த அடியிலிருந்து இந்த மாதிரிச் சின்னப் பள்ளிகள் எழவே இல்லை. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கட்டணத்தில் 40 சதவீதத்தை முதலிலும், 35 சதவீதத்தைப் பள்ளி திறந்த பிறகும் வாங்கலாம் என்றது. அதையும் கட்ட முடியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன, தறி ஓடவில்லையே. நிறையப் பேர் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். அப்புறம் பைபாஸில் ஒரு பெரிய பள்ளி ஏ.சி. பஸ்ஸோடு வந்தது, வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். ஆர்.டி.இ. பணமும் நேரத்துக்கு வருவதில்லை. ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்த விவகாரத்தில், 2025 மே மாதம் தொடங்க வேண்டிய ஆர்.டி.இ. சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற சண்டையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சாக்பீஸ் வாங்கக் காசில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "பள்ளி மூடிவிடுமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, தாளாளராலேயே முடியாது. இந்தப் பள்ளிகள் ஒரே நாளில் மூடுவதில்லை, தேய்கின்றன. மூடும் நாளுக்கு வெகு முன்பே பிள்ளையின் படிப்பு போய்விடும். அதனால் கேட்க வேண்டியது இது: போன மாசம் மிஸ்ஸுக்குச் சம்பளம் வந்துச்சா?

எனக்கு இது தெரியவந்தது மகளின் நோட்டிலிருந்து. ஒரு நாள் அறிவியல் நோட்டைப் புரட்டினேன். சிவப்பு மையில் கடைசியாக டிக் அடித்திருந்த தேதி நவம்பர் 14. அதற்குப் பிறகு இருபது பக்கம் அவள் எழுதியிருக்கிறாள், யாரும் பார்க்கவில்லை. கணக்கு மிஸ் ஜூனிலிருந்து மூன்று பேர் மாறியிருந்தார்கள். பின்னத்தை ஒருவர் பாதியில் விட, அடுத்தவர் தசமத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். நடுவில் இருந்ததை யாரும் நடத்தவே இல்லை. அவளும் வீட்டில் சொல்லவில்லை, அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

அந்த வாரமே அவளுடைய வகுப்பு மிஸ்ஸை மளிகைக் கடையில் பார்த்தேன். கேட்கச் சங்கடமாக இருந்தது, இருந்தும் கேட்டுவிட்டேன். "மூணு மாசமா பாதிதானுங்க வருது. தீபாவளிக்கு வர வேண்டியது இன்னும் பாக்கி இருக்குது" என்றார். "அப்புறம் எப்படிங்க மிஸ் வர்றீங்க?" என்றேன். "என் பையன் அங்கதானுங்க மூணாவது படிக்கிறான். ஃபீஸ் இல்ல" என்றார். கையில் அரைக் கிலோ துவரம்பருப்பை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை.

நேரில் கேட்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளி பி.எஃப். கட்ட வேண்டும். பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆயா, டிரைவர் எல்லாரையும் சேர்த்து எங்கள் பள்ளியில் இருபதைத் தாண்டும். ஆகஸ்டோடு நின்றிருந்தது. பள்ளி இடத்தின் சர்வே எண் தெரிந்தால் பத்திரப் பதிவுத் துறை தளத்தில் வில்லங்கமும் பார்க்கலாம், இடம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் பள்ளி இடம் அடமானத்தில் இருந்தது. அடமானம் இருப்பதே தப்பில்லை, எல்லாரும் கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த இடத்தின் மேல் முதல் உரிமை வங்கிக்கு. டெபாசிட் கொடுத்த நாம் கடைசியில் நிற்போம்.

டெபாசிட்டைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் 2009-ஆம் வருடப் பள்ளிக் கட்டணச் சட்டப்படி, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழுதான் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. நெருக்கடி என்பதால் அது மாறிவிடாது. உதவி செய்ய மனசிருந்தால் நன்கொடை என்று ரசீதோடு கொடுங்கள், திரும்பி வராது என்று தெரிந்தே கொடுங்கள். நகையை அடகு வைத்து டெபாசிட் கட்டாதீர்கள். எங்கள் பள்ளியில் பதினோரு குடும்பம் கட்டியது. அதில் இரண்டு குடும்பம் பிள்ளையை எடுத்துவிட்டது, இன்னும் பணம் வரவில்லை. அடுத்த வருடக் கட்டணத்தை இப்போதே மொத்தமாகக் கட்டுவதும் கிட்டத்தட்ட இதுதான். டேர்ம் டேர்மாகக் கட்டுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும்.

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி நினைத்தார். "நாமளும் கூட்டிட்டுப் போயிட்டா அப்புறம் யாரு இருப்பாங்க? இத்தனை வருசம் பார்த்துக்கிட்டாங்கல்ல" என்றார். அது லேசான வார்த்தை இல்லை. கொரோனாவில் எங்களுக்கும் ஆறு மாதம் கட்டணம் கேட்காமல் பொறுத்துக்கொண்ட பள்ளி அது. நான் இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் எனக்குத் தோன்றியது, நன்றிக்கடன் எங்களுடையது. அதை மகளின் ஐந்தாம் வகுப்புக் கணக்கை வைத்து அடைக்கக் கூடாது. பழைய பாக்கி ஒரு ரூபாய் இல்லாமல் கட்டினோம், அந்த வருடத்தின் கடைசி டேர்மையும் நேரத்துக்குக் கட்டினோம். செய்யக்கூடியது அது.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் ஓடாதீர்கள் என்றும் சொல்வேன். பதினான்கு பேர் இருக்கும் வகுப்பில், சம்பளம் வாங்குகிற ஒரு நல்ல மிஸ் இருந்தால், அதைவிடப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்து ஊரில் நூற்றைம்பது பேரோடு அப்படி ஒரு பள்ளி நடக்கிறது. வேன்களை விற்றுவிட்டார்கள், ஸ்மார்ட் போர்டு கிடையாது, சம்பளம் ஐந்தாம் தேதி வந்துவிடுகிறது. வரவு செலவைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டுகிறார்கள். எங்கள் தாளாளரும் அழுவதற்குப் பதில் கணக்கைக் காட்டியிருந்தால் நான் இருந்திருப்பேனோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கணக்கு கேட்டேன். "நம்பிக்கை இல்லீங்களா?" என்றார். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

படிப்பைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பணமில்லாத பள்ளி முதலில் கை வைப்பது சம்பளத்தில், அடுத்தது பராமரிப்பில். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் கருகியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து ஒரு குழந்தை இறந்தது. அந்தப் பள்ளிகளின் வரவு செலவைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, வேனின் தகுதிச் சான்றான எஃப்.சி. மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை. கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

டி.சி. தர மாட்டார்கள் என்று பயந்தே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. டி.சி. வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கவும் கூடாது. அரசின் மாணவர் பதிவான இ.எம்.ஐ.எஸ். எண் இருக்கிறது, பிள்ளையின் விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. எங்களுக்குச் சிக்கல் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் விஷயத்தில் ஆறாம் வகுப்பு என்பதும் சேர்ந்தது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021-இல் பொறியியல், வேளாண்மைக்கும் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளையை ஏழாவதில் மாற்றினால் இது கிடைக்காது. உங்கள் பிள்ளை இப்போது ஐந்தாவது என்றால், யோசிக்க இதைவிட நல்ல வருடம் இல்லை. என் மகள் இப்போது அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் 46 பேர். கழிவறையைப் பற்றி ஹெச்.எம்.மிடம் இரண்டு தடவை பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன். முதல் மாதம் தினமும் அழுதாள். ஆனால் கணக்கு டீச்சர் பின்னத்தை முதலிலிருந்து நடத்தினார், நோட்டில் சிவப்பு மை இருக்கிறது.

டி.சி. வாங்கப் போன அன்று தாளாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லாப் படி கண்ணு" என்று அவள் தலையில் கை வைத்தார். வெளியே வராந்தாவில் வகுப்பு மிஸ் நின்றிருந்தார். மகளிடம் ஏதோ பேசிச் சிரித்தார். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய், குரலைத் தணித்துக் கேட்டார்: "அக்கா, பையன் நாலாவதுக்குப் போறான். பக்கத்துல இருக்கற அரசுப் பள்ளியில இப்பப் போனாச் சேர்த்துக்குவாங்களா?"