போகாத ஊரின் பெயர்

பத்திரிகை டெஸ்க்கில் வேலை பார்த்த நாட்களில், செய்தி ஏஜென்சி அனுப்பிய செய்தியை மொழிபெயர்த்து, எங்கள் ஆள் யாருமே போகாத ஓர் ஊரின் பெயரைச் செய்தியின் தலையில் வைத்து, 'நமது நிருபர்' என்று போடச் சொன்னார்கள். போட்டேன். இன்றும் உறுத்துகிறது. ஜோசப் லெலிவெல்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இன்னும் கூடுதலாக.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நிர்வாக ஆசிரியராக 1994 முதல் 2001 வரை இருந்தவர். 2024 ஜனவரியில், 86 வயதில் காலமானார். ஆசிரியர் நாற்காலிக்கு வரும் முன் அவர் சுற்றிய ஊர்கள் அதிகம். 1962இல் அந்தப் பத்திரிகையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா போனார். ஓராண்டு முடிவதற்குள், 1966இல், நிறவெறி அரசு அவரை வெளியே அனுப்பிவிட்டது. அப்புறம் டெல்லி, ஹாங்காங், லண்டன். 1980இல் மறுபடி அதே தென்னாப்பிரிக்கா.

அங்கே குவாண்டெபெலே என்றொரு பகுதி. கறுப்பின மக்களை அங்கே கொண்டுபோய் ஒதுக்கி, அதுதான் உங்கள் தாயகம் என்றார்கள். பிழைப்போ தொலைவில், பிரிட்டோரியாவில். விடிகாலை மூன்று மணிக்கு முன்பே பஸ் பிடித்தால்தான் வேலைக்குப் போய்ச் சேர முடியும். லெலிவெல்டும் அந்த நேரத்துக்கு எழுந்து அவர்களோடு பஸ் ஏறினார். சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டே நிறவெறியைப் பற்றி எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சட்டம் ஒரு தொழிலாளியின் தூக்கத்தில் எத்தனை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது என்பது பஸ்ஸில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். அந்த அனுபவங்களை வைத்து எழுதிய நூலுக்கு 1986இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அவர் தவறே செய்யாதவர் இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்து விஞ்ஞானி வென் ஹோ லீ மீதான உளவு சந்தேகத்தை 1999இல் அவருடைய பத்திரிகை பெரிதாக எழுதியது. லீ சுமார் ஒன்பது மாதம் தனிச்சிறையில் கிடந்தார். கடைசியில், 59 குற்றச்சாட்டுகளில் ஒன்றே ஒன்றைத்தான் அவர் ஒப்புக்கொள்ள, மற்றவை கைவிடப்பட்டன. தன் செய்திகளில் இருந்த குறைகளைப் பத்திரிகையே 2000 செப்டம்பரில் ஒரு குறிப்பாக வெளியிட்டது. அது போதுமா என்றால், போதாது என்பேன். ஆனாலும் வெளியிட்டார்கள்.

2003இல் அதே பத்திரிகையில் ஜேசன் பிளேர் என்ற நிருபரின் விவகாரம் வெடித்தது. போகாத ஊர்களில் இருந்து எழுதுவதாக அந்த நிருபர் ஏமாற்றியிருந்தார்! ஜூன் மாதம் நிர்வாக ஆசிரியரும் நிர்வாகத்தில் அடுத்த நிலையில் இருந்தவரும் பதவி விலகினார்கள். ஓய்வில் இருந்த லெலிவெல்டைத்தான் இடைக்காலத்துக்குத் திரும்ப அழைத்தார்கள். ஒடிந்து போயிருந்த அலுவலகத்துக்கு வேறு யாரை அழைத்திருக்க முடியும்? ஊர்ப் பெயர் என்பது வாசகனுக்குக் கொடுத்த வாக்கு என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத மனிதர் அவர்.

ஜூலை முடிவில் பொறுப்பு பில் கெல்லரிடம் போனது. மாஸ்கோவிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நிருபராக இருந்தவர் அவர்.