மழையில் நிற்காத டயருக்கு மைலேஜ் எதற்கு?

எங்கள் பெங்களூர் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் இப்போது டயர் சீசன். 2022 கடைசியிலும் 2023-லும் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி என்று ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ளது) வாங்கியவர்களுக்கு, வண்டியோடு வந்த டயர் தேய்ந்து முதல் தடவை மாற்ற வேண்டிய நேரம். வொயிட்ஃபீல்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் போய்வருகிறவர்கள் இதில் முன்னணி. எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எந்த டயர் போட்டா மைலேஜ் குறையாது?" மழையில் எது நல்லா நிற்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த எரிச்சலில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

டயருக்கும் மைலேஜுக்கும் சம்பந்தம் உண்டு, அதில் சந்தேகமில்லை. டயர் உருளும்போது தரையைத் தொடுகிற பாகம் நசுங்குகிறது, தரையை விட்டதும் நிமிர்கிறது. நசுங்க வாங்கிக்கொண்ட சக்தியை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. ஓசூர் வரை ஓட்டிப்போய் இறங்கி டயரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். அது நீங்கள் பங்க்கில் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோல். இதைத்தான் ரோலிங் ரெசிஸ்டன்ஸ் என்கிறார்கள். ரப்பரில் கார்பன் பிளாக் என்ற கரித்தூளுக்குப் பதிலாகப் பெரும்பங்கு சிலிக்காவைச் சேர்த்து இந்தச் சூட்டைக் குறைக்கும் வித்தையை மிஷெலின் 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு பிரிட்ஜ்ஸ்டோன் ஈகோப்பியா, யோகோஹாமா புளூஎர்த் என்று 'பச்சை' வாசனையோடு வருகிற டயர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஹைபிரிட்டில் இது இன்னும் கொஞ்சம் முக்கியம் என்பதும் உண்மை. சாதாரண பெட்ரோல் வண்டியில் சில்க் போர்டு நெரிசலில் ஒவ்வொரு பிரேக்குக்கும் சக்தி வீணாகப் போகிறது. ஹைபிரிட் அதில் ஒரு பகுதியைப் பிடித்து பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. ஆனால் டயரில் சூடாகப் போனதை எந்த மோட்டாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. நகரத்துக்குள் நாம் போகிற வேகத்தில் காற்றின் தடையும் பெரிதாக இல்லை. மிச்சம் இருக்கிற செலவில் டயரின் பங்கு பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

இதுவரை டயர் கம்பெனி விளம்பரம் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான். ரூபாய் கணக்குக்கு வந்தால்தான் தகராறு.

அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2006-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டது. ரோலிங் ரெசிஸ்டன்ஸ் 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 1 முதல் 2 சதவீதம் கூடும் என்பது அதன் முடிவு. நீங்கள் தேடித் தேடி 20 சதவீதம் நல்ல டயரையே பிடித்துவிட்டீர்கள், ஹைபிரிட் என்பதால் மேல் அளவான 4 சதவீதமே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூருக்குள் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தருகிற வண்டி, டயர் ஆயுள் 40,000 கிலோமீட்டர். மொத்தம் குடிப்பது 2,000 லிட்டர். அதில் 4 சதவீதம் 80 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 8,000 ரூபாய், அதாவது ஒரு டயருக்கு 2,000. அதுவும் மூன்று நான்கு வருஷத்தில் சில்லறை சில்லறையாகத் திரும்ப வருகிற பணம். 'மைலேஜ் டயர்' என்ற பெயருக்காக ஒரு டயருக்கு மூவாயிரம், நாலாயிரம் கூடக் கொடுத்தால் பெட்ரோலில் அதை எடுக்கவே முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பெட்ரோல் எஸ்யூவி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர். அதே தூரத்துக்கு 3,300 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதில் 3 சதவீதம் மிச்சம் பிடித்தாலே 100 லிட்டர் வந்துவிடுகிறது. மைலேஜ் டயரால் உண்மையில் அதிகம் லாபம் பார்க்கக்கூடியவர் அவர்தான். அவர் டயரைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஏற்கெனவே குறைவாகக் குடிக்கிற வண்டி வைத்திருக்கிற நாம் மீட்டரைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெடுகிறோம்.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் நம் தருமபுரி பக்கத்துப் பையன், "அண்ணா, இந்த ஈகோ டயர் போடுங்க, லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடும்" என்று அடித்துவிட்டான். 20-இல் மூன்று என்றால் 15 சதவீதம். மேலே சொன்ன கணக்கின்படி அதற்கு ரோலிங் ரெசிஸ்டன்ஸில் முக்கால்வாசி ஒழிய வேண்டும். அப்படி ஒரு ரப்பரை இன்னும் யாரும் செய்யவில்லை தம்பி.

புது டயர் போட்டதும் மைலேஜ் விழுகிறது என்று புலம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விழத்தான் செய்யும், எந்த பிராண்டாக இருந்தாலும். புது டயரில் ட்ரெட் (தரையைத் தொடுகிற, வரி வெட்டிய ரப்பர்) ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். கழற்றிப் போட்ட டயரில் 2 இருந்திருக்கலாம். நசுங்குவதற்கு அதிக ரப்பர் இருந்தால் அதிக சூடு, அது ஒரு காரணம். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. ஹைரைடரில் வருகிற 215/60 ஆர்17 டயரின் ஆரம் 345 மில்லிமீட்டர் சுமார். அதில் 6 மில்லிமீட்டர் கூடினால் ஒரு சுற்றுக்குப் போகிற தூரம் கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடுகிறது. ஓடோமீட்டர் எண்ணுவது சுற்றுகளை. அதே வீடு, அதே ஆபீஸ், ஆனால் மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக ஏறும், மைலேஜும் குறைந்ததுபோலக் காட்டும். அந்த 2 சதவீதம் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகவே இல்லை. வெறும் எண்.

எண் என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னைக்குப் போய்விட்டு "புது டயர் சூப்பர், 24 காட்டுது" என்று டேஷ்போர்டைப் படமெடுத்துப் போடுகிறார்களே, அவர்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் கிளம்பிக் கடற்கரைக்கு இறங்கியிருக்கிறார்கள். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1,600 கிலோ வண்டி அவ்வளவு இறங்கினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைப் புவியீர்ப்பே செய்துவிடும். 350 கிலோமீட்டர் பயணத்தில் ஒரு லிட்டர் என்பது நல்ல டயர் தருகிற 4 சதவீதத்தைவிடப் பெரிது. திரும்பி வரும்போது படம் போடுகிறார்களா என்று பாருங்கள்.

இப்போது மழைக்கு வருகிறேன். பெங்களூரில் மே மாதம் மாலை நான்கு மணிக்கு வானம் இருட்டி, அரைமணி நேரத்தில் ரோட்டில் ஆறு ஓடும். அதற்கு முன் பல நாள் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் கரைந்து வழவழவென்று ஆகியிருக்கும். அவுட்டர் ரிங் ரோட்டில் முன்னால் போகிற டெம்போ சடாரென்று நிற்கும். ஊருக்குப் போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கம் வேறு இருக்கிறது. அங்கே ஈர ரோட்டில் லாரிக்குப் பின்னால் இறங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் லிட்டருக்கு எத்தனை என்பது யாருக்கும் நினைவுக்கு வராது. ஐரோப்பாவின் பழைய டயர் லேபிள் கணக்குப்படி, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈர ரோட்டில் முழு பிரேக் போட்டால் ஈரப்பிடிப்பில் முதல் வகுப்பு டயருக்கும் கடைசி வகுப்பு டயருக்கும் நிற்கிற தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும். நாலு கார் நீளம்.

சூட்டைக் குறைக்க ரப்பர் கலவையை மாற்றும்போது பிடிப்பு அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் கம்பெனிகளின் தலைவலி. சிலிக்கா வந்த பிறகு இரண்டையும் ஓரளவு சேர்த்துச் செய்ய முடிகிறது. ஆனால் விலை மலிவாகவும், மைலேஜ் அதிகமாகவும், ஆயுள் நீளமாகவும் என்று மூன்றையும் ஒரே டயரில் கேட்டால் வெட்டு விழுவது பெரும்பாலும் பிடிப்பில்தான். கடையில் கண்ணுக்குத் தெரியாதது அதுதானே.

எதைப் பார்த்து வாங்குவது? ஐரோப்பிய லேபிளில் எரிபொருள் சிக்கனமும் ஈரப்பிடிப்பும் தனித்தனியாக ஏ முதல் இ வரை போட்டிருக்கும். 2021 மே முதல் இந்தப் புது வடிவம். இரண்டையும் பாருங்கள். என்னைக் கேட்டால் சிக்கனத்தில் ஏ, ஈரத்தில் சி என்பதைவிடச் சிக்கனத்தில் பி அல்லது சி, ஈரத்தில் ஏ என்பது பல மடங்கு மேல். ஒரே பெயர் கொண்ட டயரிலும் சைஸ் மாறினால் வகுப்பு மாறும், ஆகவே உங்கள் சைஸுக்கு என்ன என்று பாருங்கள். இங்கே பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு) தருகிற ஸ்டார் லேபிள் டயருக்கும் வந்துவிட்டது, ஆனால் அது கட்டாயமில்லை, அதனால் எல்லா டயரிலும் இருக்காது. 2022-இல் மத்திய அரசு ரோலிங் ரெசிஸ்டன்ஸ், ஈரப்பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரம் கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனால் குறைந்தபட்சம் என்பது பாஸ் மார்க் மட்டும்தான்.

சைஸை மாற்றச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அகலமான டயர், பெரிய ரிம், பார்க்க ஜம்மென்று இருக்கும். எடை கூடும், மைலேஜ் டயரால் வந்தது போய்விடும், சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) மெலிந்தால் நம் ஊர் பள்ளத்தில் ஒரே இடியில் டயர் வீங்கிக்கொள்ளும். சைஸுக்குப் பக்கத்தில் 96எச் என்று இருக்கிறதா, அந்த 96 ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, அதாவது 710 கிலோ. அதற்குக் கீழே இறங்காதீர்கள். தயாரிப்பு வாரமும் வருஷமும் நான்கு இலக்கத்தில் சைடுவாலில் இருக்கும். 'ஆஃபர்' என்று தருகிற டயரில் அதை முதலில் தேடுங்கள்.

அப்புறம் காற்று. மைலேஜுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை, ஆனால் இதைப் பற்றிக் குழுவில் ஒருவரும் பேசுவதில்லை. காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கும், அதிகம் சூடாகும், ஏ வகுப்பு டயரும் சாதாரண டயராகிவிடும். நைட்ரஜன்தான் போடணும் என்று அலைய வேண்டாம், நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடாவதற்கு முன், பக்கத்து பங்க்கில் பாருங்கள். மைலேஜ் ஆசையில் அஞ்சு பி.எஸ்.ஐ. கூட அடிக்கச் சொல்லும் ஆசாமிகளும் உண்டு. தரையைத் தொடுகிற பரப்பு குறைந்து ஈரத்தில் பிடிப்பு போகும், நடு ட்ரெட்டும் சீக்கிரம் தேயும். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கிறது. பொங்கலுக்கு வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, டிக்கியில் சாமானும் அடைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள், அதே ஸ்டிக்கரில் முழு லோடுக்குத் தனி எண் போட்டிருந்தால் அதைப் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்.